முழு வருகை

திங்கட்கிழமை காலை ஆசிரியை ராக்னா வகுப்பறை விளக்கைப் போட்டபோது குல்லா மறுபடியும் தரையில் கிடந்தது.

சிவப்புக் கம்பளிக் குல்லா. ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருக்கும் வெள்ளை ரோபோவின் தலைக்கு அளவெடுத்து, காதை மூட மடிப்பு வைத்து, உச்சியில் ஒரு குஞ்சமும் வைத்து அவளே பின்னியது. வெள்ளிக்கிழமை கிளம்பும்போது அதைக் கண்ணுக்கு மேல்வரை இழுத்துவிட்டுத்தான் போனாள். சனி ஞாயிறு பள்ளி பூட்டிக் கிடந்தது. குனிந்து எடுத்தாள். பனியில் ஆடிவிட்டு வந்த பிள்ளை கழற்றிப் போட்டதுபோல் உள்பக்கம் சில்லென்று நனைந்திருந்தது. ஹீட்டர் குழாய் எங்கோ ஒழுகுகிறது போலும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ரோபோவின் தலையில் அதை மறுபடி மாட்டினாள்.

ரோபோ வில்யாவுடையது. நான்காம் வகுப்புப் பெண். கோடை முடிந்தபோது எழுந்து நடக்க முடியாத ஒரு களைப்பு நோய் அவளைப் படுக்கையில் தள்ளிவிட்டது. தாய் எப்போதோ பிரிந்து தெற்கே போய்விட்டாள். குகைப்பாதைக்கு அப்பால், நிலத்துக்குள் புகுந்த கடலின் கரையோரத் தனி வீட்டில் அப்பா ஸ்டெய்னாரும் அவளும்தான். நகராட்சி பெருமையோடு இந்தப் பொம்மையை வாங்கிக் கொடுத்தது. வில்யா கட்டிலில் படுத்தபடி டேப்லெட் வழியாக வகுப்பைப் பார்க்கலாம், கேட்கலாம், பேசலாம். அவள் பொத்தானை அழுத்தினால் ரோபோவின் உச்சந்தலையில் ஒரு விளக்கு மினுக்கும். கை தூக்குகிறாள் என்று அர்த்தம். ஆனால் வகுப்பில் இருப்பவர்கள் அவளைப் பார்க்க முடியாது. நோயாளிக் குழந்தையின் அந்தரங்கமாம், அப்படித்தான் விதி.

விதி இல்லாவிட்டாலும் யாரும் பார்த்திருக்கப்போவதில்லை. இந்த ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுவது அநாகரிகம். பக்கத்து வீட்டுப் புகைபோக்கியில் ஒரு மாதம் புகை வராவிட்டாலும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு நடந்து போவார்கள். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

குல்லா வந்ததும் ஒருவகை அன்பினால்தான். இடைவேளையில் பிள்ளைகள் ரோபோவை வெளியே தூக்கிப் போவார்கள். குல்லா இல்லாமல் எந்தக் குழந்தையையும் வெளியே விடாத ஊர் இது. “அவளுக்கு மட்டும் காது குளிராதா?” என்று பக்கத்து இருக்கை ஹெட்டா கேட்டதும் ராக்னா உருகிப்போனாள். இலையுதிர்கால விடுமுறைக்குள் பின்னி முடித்தாள். அழகாக இருக்கிறதே என்று உள்ளே வந்த பிறகும் யாரும் அதைக் கழற்றவில்லை. குல்லாவோடு எடுத்த படத்தை நகராட்சி தன் இணையப் பக்கத்தில் போட்டது. தலைமையாசிரியர் ஸ்வெர்ரே ஒரு மாதம் தரையில் நடக்கவில்லை.

அந்த விடுமுறைக்குப் பிறகு வில்யா அடங்கிவிட்டாள். முன்பெல்லாம் ஒரே தொணதொணப்பு, நிமிடத்துக்கு ஒருமுறை கை தூக்குவாள். இப்போது காலையில் பேர் வாசிக்கும்போது மட்டும் குரல் வரும்.

“வில்யா?”

“இருக்கேன், ராக்னா.”

தினமும் அதே இரண்டு சொல். அதே இழுப்பு. பாவம், களைப்பு என்று ராக்னா நினைத்தாள். நிம்மதியாகக்கூட இருந்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அன்று மதிய உணவு நேரம். ரொட்டியும் பழுப்புச் சீஸும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை அறை முழுக்க நிறைந்திருந்தபோது, ஹெட்டா தன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

“நான் வேற இடத்துல உக்காந்துக்கட்டுமா?”

“ஏன்டா கண்ணு?”

“அவ மேசைக்கு அடியில காலை ஆட்டிக்கிட்டே இருக்கா. என் மேல படுது. சாக்ஸெல்லாம் ஈரமா இருக்கு.”

“போடி லூசு, ரோபோவுக்குக் கால் ஏது?”

“ரோபோ இல்ல,” என்றாள் ஹெட்டா, பொறுமையாக. “வில்யா.”

ராக்னா சிரித்தாள். ஆனால் பிள்ளைகள் வெளியே ஓடியதும் நேராக ஸ்வெர்ரேயின் அறைக்குப் போனாள்.

“நான் வில்யா வீட்டுக்கு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரேன்.”

“எதுக்கு?”

“பாக்கத்தான். அவ மொகத்தப் பாத்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?”

“யாரும் வரவேணாம்னு அப்பா எழுதிக் குடுத்திருக்காரு. ஆளுங்க வந்தா அவளுக்குக் களைப்பு கூடுதாம்.” ஸ்வெர்ரே வருகைப் பதிவேடு இருந்த திரையை அவள் பக்கம் திருப்பினார். வில்யாவின் பேருக்கு நேரே கடைசிவரை ஒரே பச்சை. “பாரு, இந்தப் பள்ளிக்கூடத்துலயே ஒரு நாள்கூட மட்டம் போடாத ஒரே புள்ள. நீ என்னடான்னா இவளுக்குப் போய்க் கவலப்படற!”

“மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு, ஸ்வெர்ரே. குழந்தைகள் நலத் துறைக்காவது ஒரு வார்த்தை...”

“என்னன்னு எழுத? முழு வருகை, ஆனா டீச்சருக்கு ஒரு மாதிரி இருக்குன்னா? அதுக்கு அவங்க படிவத்துல கட்டமே இல்லம்மா.”

அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். ராக்னாவும் கூடச் சிரித்து வைத்தாள். வெளியே வந்ததும் தன் மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

டிசம்பரில் சூரியன் தலைகாட்டுவதே இல்லை. பள்ளி விடும்போதே கும்மிருட்டு. பிள்ளைகளின் மேலங்கியிலிருந்த ஒளிர் பட்டைகள் சாலைவிளக்கில் பளபளத்து, ஒவ்வொன்றாக மறைந்தன. ராக்னா மதிப்பீடுகளைக் கணினியில் ஏற்ற உட்கார்ந்தாள். காற்றோட்டக் குழாயின் இரைச்சல் வழக்கம்போல் தானாக நின்றது. அது நின்றதும்தான் கட்டடம் எவ்வளவு காலி என்று தெரிந்தது. ஈரக் கம்பளியின் வாசனை, வெண்பலகைப் பேனாவின் மருந்து நெடி, ஜன்னல் கண்ணாடியில் பனித்துகள் உராயும் ஓசை. அதற்கும் கீழே, தாழ்வாரத்திலிருந்து, செருப்பில்லாத நனைந்த பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். துப்புரவுப் பெண்ணாக இருக்கும் என்று எண்ணினாள். அவள் திங்கட்கிழமை வருவதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. சத்தம் அறைக்குள் வந்தது. ஜன்னலோரம் போய் நின்றது. ராக்னா தலையை நிமிர்த்தவில்லை.

மெத்தென்று ஏதோ விழுந்தது.

பார்த்தாள். குல்லா தரையில் கிடந்தது. ரோபோவின் மொட்டைத் தலையில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

கை தூக்கியிருக்கிறாள்.

எழுந்து போனாள். குல்லாவை எடுத்து விளக்கின்மேல் வைத்தாள். தடித்த இரட்டை நூல். விளக்கு தெரியவில்லை. எடுத்தாள். மினுக்கியது. வைத்தாள். தெரியவில்லை.

விடுமுறையிலிருந்து. அத்தனை நாளும். அவள் பின்னிய குல்லா. அவள் கையால் தினமும் இழுத்து இழுத்துவிட்ட குல்லா. அடங்கிவிட்டாள், நல்ல பிள்ளை என்று அவள் நிம்மதிப்பட்ட அத்தனை நாளும்.

“வில்யா,” என்றாள். “கை தூக்கியிருக்கியாம்மா? சொல்லு. நான் கேக்கறேன், சொல்லு.”

“இருக்கேன், ராக்னா.”

குரல் ரோபோவிலிருந்து வரவில்லை. அந்த மேசையின் காலி நாற்காலியிலிருந்து வந்தது. ஒரு பிள்ளையின் தலை உயரத்திலிருந்து.

கோட்டைப் பாதி மாட்டியபடியே ஓடினாள். கார் பனியில் வழுக்கி, ஓரக் கம்பத்தை உரசிக்கொண்டு போனது. பிள்ளை பிழைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்; வேறு எது வேண்டுமானாலும் ஆகட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே குகைப்பாதையைத் தாண்டினாள். வீட்டில் ஒரே ஒரு ஜன்னலில் நீல வெளிச்சம். தட்டினாள். கதவு பூட்டியிருக்கவில்லை. அந்தப் பதைப்பிலும் கை தானாகக் குனிந்து காலணியைக் கழற்றி வைத்தது. தாழ்வாரம் வெளியைவிடக் குளிராக இருந்தது. உள்ளே பனி பெய்திருந்தது.

படுக்கையறையில் ஸ்டெய்னார் குளிர் அங்கியோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

“ஸ்டெய்னார், நான் ராக்னா...”

“தெரியும். தினமும்தான் பாக்கறேனே.” டேப்லெட்டைக் காட்டினார். “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. பள்ளிக்கூடத்துல இருக்கா.”

ஜன்னலின் இரண்டு கதவும் திறந்திருந்தன. கட்டிலில் போர்வை தலையணை வரை மூடியிருந்தது. போர்வைமேல் விழுந்த பனி உருகவில்லை. வெளியே தெரிந்தது ஒரு கை மட்டும். சின்னக் கை. கறுத்திருந்தது. விரல் டேப்லெட்டின் பொத்தான்மேல் இருந்தது.

ராக்னா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்டோபர்ல மீன்பிடிப் படகு வேலைக்குக் கூப்டாங்க. ரெண்டே நாள்தான்,” என்றார் ஸ்டெய்னார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். “பள்ளிக்கூட நேரத்துல உங்ககூடத்தான இருக்கா, எதுனாச்சும்னா, பேசத் தெம்பில்லாட்டியும் கையைத் தூக்கினாப் போதும்னு உங்க ஸ்வெர்ரேதான் சொன்னாரு. தூக்கியிருக்கா. நான் வந்தப்பவும் கை தூக்கித்தான் இருந்துச்சு.”

“குல்லா...” என்றாள் ராக்னா. வேறொன்றைத்தான் கேட்க முடிந்தது. “அப்போ காலையில... பதில் சொன்னது நீங்களா?”

“நானா? அவ கொரல்ல நான் எப்படிப் பேசறது?” நிஜமாகவே வியந்தார். “காலையில இதைப் போட்டுவிடறது மட்டும்தான் என் வேலை. அவதான் போறா. ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்ல.” முகத்தில் ஒரு தகப்பனின் பெருமை. பிறகு அது வாடியது. “சாயங்காலம் வீட்டுக்குத்தான் வர மாட்டேங்கறா. வழி தெரியல போல. யாராச்சும் முன்னாடி வந்தாத்தான், பின்னாடியே வருவா.”

திரையில் இருண்ட வகுப்பறை. படம் ஆடியது. யாரோ ரோபோவைத் தூக்கினார்கள்.

தாழ்வாரம். வாசல். பனி.

பனியில் ஒரு காரின் தடம். படம் அதன்மேலேயே வந்தது. உரசிய கம்பம். குகைப்பாதை. இருட்டு. அத்தனை தூரமும் சில மூச்சுகளில்.

பிறகு ஒரு வீடு. நீல ஜன்னல்.

தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். இப்போது அது டேப்லெட்டில் இல்லை. வீட்டுக்குள் இருந்தது.

“வந்துட்டா,” என்றார் ஸ்டெய்னார். கண் கலங்கிச் சிரித்தபடி எழுந்து ஜன்னலைச் சாத்தினார். “புள்ளைக்குக் குளிரும்.”

திரையில் ஒரு படுக்கையறை. உள்ளே ஒரு பெண்ணின் முதுகு. பாதி மாட்டிய கோட்டு. முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது.

ராக்னா திரும்பவில்லை. கட்டிலில் இருந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை.

திரையின் ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு, தொங்கிய அந்தப் பெண்ணின் விரலைப் பிடித்தது.

ராக்னாவின் விரல் நனைந்தது.