பதினொன்றாம் படுக்கையின் பதில்

குடையை உதறி மூலையில் சாத்திவிட்டு நொட்டை அக்கா தன் மேசைக்கு வந்தாள். பட்டப்பகல்தான், ஆனால் மழை கட்டிக்கொண்டதில் அறை அந்தி நேரம்போல் இருண்டு கிடந்தது. மருத்துவமனையின் பழைய வார்டு அது. கட்டில்களை எடுத்துவிட்டு மேசைகளைப் போட்டு, மென்பொருள் குழுவுக்குக் கொடுத்திருந்தார்கள். சுவரில் ஆக்ஸிஜன் குழாய்களின் பித்தளை வாய்கள் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தன. எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் லோஷன் வாடை போகவில்லை. மழை நாட்களில் மூக்கைத் துளைத்தது.

நொட்டை அக்கா என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் நொட்டை சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எதிர்க் கட்டடத்தில் தம்பியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். முந்தின நாள் அவனுக்கு வயிற்றில் ஆபரேஷன். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கென்று இருக்கும் ஒரே உயிர் அவன். மயக்கம் முழுதாகத் தெளியாமலே வாயாடினான்.

"என்னையும் உன் சாஃப்ட்வேர்ல சேத்துட்டியாமே, அதுலயாவது நல்லா இருக்கேனா?"

"அதுல நீ குத்துக்கல்லாட்டம் இருக்கே. பேசாம தூங்கு."

சேர்த்தது உண்மைதான். நோயாளியின் விரலில் மாட்டும் கிளிப், நாடித் துடிப்பை மருத்துவமனை சர்வருக்கு அனுப்பும். நர்ஸ் மேசையில் இருக்கும் திரை அதைக் கேட்டு வாங்கிக் காட்டும். இந்தத் திரையைத்தான் இவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். சோதிக்கும்போது நிஜ சர்வரைத் தொட முடியாதே. அதனால் அவளுடைய லேப்டாப்பில் ஒரு போலி சர்வர் ஓடியது. அதற்கு நோயாளியும் தெரியாது, நாடியும் தெரியாது. பதினொன்றாம் படுக்கை எப்படி என்று கேட்டால், அவள் எழுதிவைத்த பதிலைக் கிளிப்பிள்ளையாக ஒப்பிக்கும். குழுவில் எல்லோரும் அவளுடைய போலி சர்வரைத்தான் கேட்பார்கள். கற்பனை நோயாளிகளுக்கு வீட்டு ஆட்களின் பெயரை வைப்பது இந்தத் தொழிலில் ஒரு விளையாட்டு. அவள் தம்பியின் பெயரையும் நிஜப் படுக்கை எண்ணையும் போட்டு, நாடி எழுபத்திரண்டு என்று எழுதியிருந்தாள். பாதி விளையாட்டு, பாதி வேண்டுதல்.

உட்கார்ந்ததும் வழக்கம்போல் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள்.

அறுபத்தொன்று என்றது.

அவள் எழுதிய கோப்பைத் திறந்தாள். எழுபத்திரண்டு என்றுதான் இருந்தது. மறுபடி கேட்டாள்.

ஐம்பத்தெட்டு.

"ஒட்டகம், என் சர்வர்ல யாராவது கை வச்சீங்களா?"

ஒட்டகம் என்பது பக்கத்து மேசைக்காரன், நிரல் எழுதுகிறவன், நெட்டையன். அவன் தலையைத் திருப்பவில்லை. "யாரும் வைக்கல அக்கா. பழைய பதில் ஏதாவது தங்கியிருக்கும். துடைச்சிட்டுப் பாருங்க."

துடைத்துவிட்டுப் பார்த்தாள். ஐம்பத்து மூன்று.

பழைய பதில் தங்கினால் ஒரே இடத்தில் நிற்கும். இது இறங்கிக்கொண்டே போனது. எங்கிருந்தோ ஈரக்காற்று வந்து அவள் கழுத்தைத் தொட்டது. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன.

அப்போது அவள் செய்தது, நல்ல சோதனைக்காரர் எவரும் செய்வதுதான். கிடைத்த குறையை விட்டுவிடக் கூடாது என்று திரையைப் படம் பிடித்தாள். என்ன கேட்டோம், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள். ஒவ்வொரு பதிலையும் வரிசையாக ஒட்டினாள். தலைப்பு சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை மாற்றினாள். ஐம்பது, நாற்பத்தாறு, நாற்பத்தொன்று. நல்ல குறை மாட்டியது என்ற உற்சாகம்கூட அவளுக்கு இருந்தது. அந்த உற்சாகத்தை நினைத்து நினைத்து அவள் பின்னால் எத்தனையோ நாள் சுவரில் தலையை முட்டிக்கொண்டாள்.

குறையைப் பதிவுசெய்து முடித்ததும் சர்வரை நிறுத்தினாள். நிறுத்தியாகிவிட்டதா என்று உறுதிசெய்ய ஒருமுறை கேட்டாள். பதில் வரக்கூடாது.

முப்பத்து நான்கு.

வைஃபையை அணைத்தாள். மறுபடி கேட்டாள்.

முப்பது.

பின்னால் சுவரில் ஏதோ சத்தம் கேட்டது. வருடக்கணக்காகக் காற்றே வராத பித்தளைக் குழாயின் வாய், மெல்ல, கஷ்டப்பட்டு, உள்ளே இழுத்தது.

நின்றது.

மறுபடி இழுத்தது.

லோஷன் வாடை குப்பென்று ஏறியது. போனை எடுத்து வார்டுக்கு அடித்தாள்.

"சிஸ்டர், பதினொன்னுல என் தம்பி எப்படி இருக்கான்?"

"நல்லா தூங்குறாரு மேடம். கொஞ்சம் முன்னாலதான் திரையைப் பாத்தேன். எழுபத்திரண்டு."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. பைத்தியக்காரத்தனமாகப் பயந்துவிட்டோமே என்று சிரிப்புக்கூட வந்தது. நர்ஸ் தொடர்ந்து பேசினாள்.

"உங்க புதுத் திரை நல்லா இருக்கு மேடம். மத்தியானம்தான் வந்து மாட்டிட்டுப் போனாங்க. மத்தவங்களுக்கெல்லாம் கூடும் குறையும், இவருக்கு அப்போலேர்ந்து எழுபத்திரண்டுதான், ஒண்ணுகூட மாறல."

மாறவில்லை.

உயிரோடு இருக்கும் நாடி மாறாமல் இருக்காது.

அவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு திரும்பினாள். "மத்தியானம் வார்டுக்கு எதை அனுப்பின?"

"மேனேஜர் அவசரப்படுத்தினார் அக்கா. நேத்து சோதனைக்குத் தயார் பண்ணினதைத்தான்..."

"சர்வர் முகவரியை மாத்தினியா?"

ஒட்டகத்தின் முகத்தில் ரத்தம் வற்றியது. பதினொன்றாம் படுக்கைக்கு மட்டும் அவளுடைய லேப்டாப்பைக் கேட்கும்படி, சோதனைக்காக அவன்தான் வைத்திருந்தான். அதை எடுக்க மறந்திருந்தான். அவள் எழுதிய பொய்யைத்தான் நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர்! திரையைப் பாக்காதீங்க! போய்க் கை வச்சுப் பாருங்க, அவன்மேல கை வச்சுப் பாருங்க!"

போன் மேசையில் வைக்கப்படும் சத்தம். செருப்புச் சத்தம். அதன் பிறகு ஒன்றுமில்லை.

பிறகு தூரத்தில் நர்ஸ் யாரையோ கூவிக் கூப்பிட்டாள்.

மழையில் செருப்பில்லாமல் ஓடினாள் நொட்டை அக்கா. அவள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் தம்பியின் மார்பிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தார். உள்ளே தையல் விட்டு ரத்தம் கசிந்ததாகச் சொன்னார். சத்தமில்லாமல் போயிருக்கிறது. கொஞ்சம் முன்னால் தெரிந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

எவ்வளவு முன்னால் என்று அவளுக்குத் தெரியும். ஒரு குறையை அழகாக எழுதி முடிக்கும் நேரம்.

காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்து, வேலையை விடுவதாகச் சொல்ல வந்தாள். நல்ல வெயில். அறையில் யாரும் இல்லை. மேனேஜர் திரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதோடு ஒதுங்கிவிட்டார், ஒட்டகம் அன்றைக்குப் பிறகு வரவேயில்லை. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் தம்பியின் பெயரை அழித்தாள். போலி சர்வரையே அழித்தாள். வயரைப் பிடுங்கினாள்.

மனசு கேட்கவில்லை. இல்லாத சர்வரிடம், இல்லாத படுக்கையைப் பற்றி, ஒரே ஒருமுறை கேட்டாள்.

திரை வெகுநேரம் வெறுமையாக இருந்தது. அப்புறம் பதில் வந்தது. நாடி என்ற இடத்தில் எண் இல்லை.

"அக்கா, கை வச்சுப் பாரு."

அவள் அலறவில்லை. கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. லேப்டாப்பை அணைத்தாள், மூடினாள். மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தாள். ஐஸ்போல் சில்லென்றிருந்தது.

அதற்கடியில், மிக மெதுவாக, ஏதோ துடித்தது.

ஒருமுறை.

இன்னொருமுறை.

காவலாளி வந்து கதவைப் பூட்ட வேண்டும் என்றான். விளக்கை அணைத்துக் காட்டினான். "என்னம்மா ஆச்சு, எழுந்திருங்க" என்று கெஞ்சினான். எடுத்தால் நின்றுவிடுமோ என்று, அவள் கையை எடுக்கவே இல்லை.