காலிக் கட்டம்

மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் நிழற்குடைக்குள் பாய்ந்த யமிலா, அங்கே நின்றிருந்தவன் மேல் போய் மோதினாள். அவன் கக்கத்தில் இடுக்கியிருந்த ஃபிளாஸ்க் நழுவியது... மூடி திறந்தது... வெந்நீர் அவள் ஷூவின் மேல்!

"ஐயோ! கண்ண எங்க வச்சிருக்க?"

"நான் பாட்டுக்கு நின்னுட்டுதான் இருந்தேன். ஓடி வந்து மோதினது நீ."

"கொஞ்சம் தள்ளி நிக்கக் கூடாதா?"

"தள்ளி நின்னா நனைவேனே!"

நன்றாகத் திட்டலாம் என்றுதான் நிமிர்ந்தாள். ஈரப் புருவத்துக்குக் கீழே, சிரிப்பை அடக்கத் தெரியாத இரண்டு பழுப்புக் கண்கள்... அடச்சே, வந்த திட்டு மறந்தே போனது.

மழை பிடித்துக்கொண்டால் மொண்டேவிடியோவில் பஸ் நினைத்த நேரத்துக்கா வரும்? மிச்சமிருந்த வெந்நீரை இலைத்தூள் போட்ட குடுவையில் ஊற்றி, அந்த ஊர்த் தேநீரான மாட்டேயைக் குடித்தான். அடுத்ததை அவளிடம் நீட்டினான். உறிஞ்சிவிட்டுப் பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். மறுபடியும் நிரப்பினான்.

"ஒரு நன்றி கூடச் சொல்ல மாட்டியா?"

"மாட்டே குடிச்சிட்டு நன்றி சொன்னா போதும்னு அர்த்தம். நீ ஊத்தறத நிறுத்திடுவ. நான் என்ன ஏமாளியா?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பெயர் ரமீரோ என்றான். அந்தச் சிரிப்பில் என்ன இருந்ததோ, பொறியியல் மாணவியான யமிலா தன் மனக்குறை முழுவதையும் அவனிடம் கொட்டிவிட்டாள். நாடு முழுக்க உள்ள மழைமானிக் கணக்குகளைத் தொகுக்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் திறந்து கிடப்பது, யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம். அவளும் ஒன்றை முன்மொழிந்திருந்தாள்.

"புயல் வந்து மழைமானியவே அடிச்சிட்டுப் போச்சுன்னா, அன்னிக்குக் கணக்குல கட்டம் காலியாத்தானே இருக்கும்? அத பூஜ்யம்னு எடுத்துக்குது! ஊரே மூழ்கின நாள்ல மழையே பெய்யலங்குது. தெரியலங்கறதும் இல்லங்கறதும் ஒண்ணா, நீயே சொல்லு."

"ஒண்ணில்லதான்..."

"இத எழுதினா, திருத்தத்த சரிபார்க்கற தேரோன்னு ஒருத்தன், பறவை பேர வச்சுக்கிட்டு, 'ஆதாரம் எங்கே?'ன்னு ஒத்த வரியில கேக்கறான். மண்டைக்கனம் பிடிச்சவன்!"

ரமீரோவுக்குப் புரையேறியது. அவள்தான் முதுகில் தட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு வெயில் அடித்த நாட்களிலும் இரண்டு பேரும் அந்த நிழற்குடையில்தான் ஒதுங்கினார்கள்! ஆதாரத்தை எப்படித் திரட்டுவது என்று அவன் சொல்லித் தர, பழைய புயல் நாட்களையெல்லாம் தோண்டி எடுத்து அவள் முன்மொழிவில் சேர்த்தாள். ஆனால் தேரோ அதன் பிறகு வாயே திறக்கவில்லை.

"பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லித் தொலைக்கலாமில்ல?"

"கொஞ்சம் பொறு, யமி..." என்று ஏதோ சொல்ல வருவான். அப்புறம் எதிரே விரிந்து கிடக்கும் ஆற்றைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

ஒரு சாயங்காலம், போட்டோ ஒன்றைக் காட்டுகிறேன் என்று லேப்டாப்பைத் திறந்தான். திரையின் மூலையில் அந்தப் பறவைப் படம். பக்கத்தில் பெயர்... தேரோ.

"நீயா?"

"யமி, சொல்லணும்னுதான்..."

"நான் புலம்பறத உக்காந்து ரசிச்சியா? அங்க ஒரு வார்த்தை எழுத முடியல, இங்க வந்து கொஞ்சறியா?"

அவன் காது மடல் வரை சிவந்துவிட்டது. வாயைத் திறந்தான், மூடினான். ஏதாவது சொல்லேன்டா... ஒரே ஒரு வார்த்தை... என்று அவள் நெஞ்சு கிடந்து தவித்தது. பாவி, என்ன செய்வதென்று தெரியாமல் மாட்டே ஊற்றி நீட்டினான். குடித்தாள். குடுவையை அவன் கையில் வைத்தாள்.

"நன்றி."

அவன் முகம் செத்துப்போனது.

அன்றைக்கே முன்மொழிவை வாபஸ் வாங்கினாள். அவன் போன் எண்ணையும் தடுத்துவைத்தாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு!

குளிர்காலம் போனது. கல்லூரித் தாழ்வாரத்தில் ஒருத்தி அவளை வழிமறித்தாள். கிராசியேலா, அந்த மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் ஒருத்தி.

"யமிலா நீதானே? ஏன் வாபஸ் வாங்கின? நான் பாதி படிச்சிட்டிருந்தேன்."

"நீங்களா? தேரோ இல்ல...?"

"அவன் எப்படிப் பார்ப்பான்? மனசுக்கு வேண்டியவங்க வேலைய நாம சரிபார்க்கக் கூடாது, அது எங்க வழக்கம். 'கிராசியேலா, நான் இவகிட்ட விழுந்துட்டேன், இத நீ பாரு'ன்னு என் தலையில கட்டிட்டான். நியாயமா முடியட்டும், அப்புறம் அவகிட்ட எல்லாத்தையும் சொல்றேன்னான், பைத்தியக்காரன். நான்தான் சோம்பேறித்தனமா இழுத்துட்டேன். ஆமா, அவன்கிட்டயே கேட்டிருக்கலாமே நீ?"

"கேட்டேன்... அவன் பதில் சொல்றதுக்குள்ள, ஊத்தின மாட்டேய குடிச்சிட்டு நன்றின்னு சொல்லிட்டேன்."

கிராசியேலாவின் முகம் மாறியது. "அடிப்பாவி!"

"இப்ப எங்க இருக்கான்?"

"சிலியோட தெற்குக் கோடில. மலை மலையா ஏறி மழைமானி மாட்டிட்டிருக்கானாம். போன்ல சிக்னல் கிடைச்சா உண்டு."

யமிலா நேராக அந்த நிழற்குடைக்குப் போனாள். முன்மொழிவை மறுபடி திறந்தாள். அவன் எண்ணை விடுவித்தாள். அவனுக்கு எழுதினாள்.

'ரமீரோ, காலிக் கட்டத்த பூஜ்யமா எடுக்காதீங்கன்னு ஊருக்கெல்லாம் சொன்னேன். நீ பேசாம நின்னத மட்டும் பூஜ்யம்னு எடுத்துட்டேன். தப்பு என்னோடதுதான். உன்னக் காதலிக்கிறேன்டா. அன்னிக்கும்... இன்னிக்கும்.'

பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கோடைக்கு முன்னால் அவள் திருத்தம் மென்பொருளில் சேர்ந்துவிட்டது. கிராசியேலா ஓடி வந்து கட்டிக்கொண்டாள்.

"ஏத்துக்கிட்டாச்சு! இனிமே காலி காலியாவே இருக்கும்... ஆமா, அவன்கிட்ட இருந்து ஏதாவது?"

வரவில்லை என்று யமிலா தலையை அசைத்தாள்.

"இத்தனை நாளா வரலன்னா இல்லன்னுதான் அர்த்தம். விட்டுடு, யமி."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. யமிலா குடுவையில் வெந்நீர் ஊற்றினாள். கண் நிறைந்து, குடுவையே மங்கலாகத் தெரிந்தது.

"இல்லன்னு அவன் சொல்லலயே," என்றாள். "இன்னும் தெரியல... அவ்வளவுதான்."