சுவரோரமா நில்லு

விளையாட்டின் இரண்டாம் பாகத்தில் அஷ்வத்தின் குரல் இருக்க வழியே இல்லை.

முதல் பாகத்தில் இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. பன்னிரண்டு வயதில் ஒரு மே மாத விடுமுறையில், தலைகாணி உறைக்குள் மைக்கை நுழைத்துக்கொண்டு, தானே பேசிப் பதிவு செய்து, விளையாட்டில் வரும் போர்வீரர்களின் முரட்டுக் குரல்களைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் தன் குரலைச் செருகி வைத்தான் பிள்ளை. அதற்கப்புறம் செம்பூரின் அந்த இரண்டாம் மாடி வீட்டில் எந்தச் சிப்பாயைத் தொட்டாலும் "சொல்லுங்கோப்பா" என்றான். போகச் சொன்னால் "இதோ வந்துண்டே இருக்கேன்" என்றான். நிற்கச் சொன்னால் "சரிப்பா, நகரமாட்டேன்."

ஆனால் இது புதுசு. அவன் அப்பா ஜகந்நாதன் கால் மணி நேரம் முன்புதான் கம்ப்யூட்டரில் இறக்கி முடித்திருந்தார். எந்தக் கோப்பையும் தொடவில்லை. திரையில் முதலில் தெரிந்த சிப்பாயின் மேல் மவுஸை வைத்து ஒரு தட்டுத் தட்டினார்.

"சொல்லுங்கோப்பா."

பன்னிரண்டு வயதுக் குரல்கூட இல்லை. இருபத்தாறு வயதுக் குரல். கடைசியாகப் போனில் கேட்ட அதே குரல்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றுகூட ஆகவில்லை, ஆனால் காலையிலிருந்து விடாமல் கொட்டிய ஜூலை மழையில் அறை சாயங்காலம் மாதிரி மங்கிக் கிடந்தது. ஜன்னலுக்கு மேலே போட்ட தகரத்தில் மழை விழும் சத்தம், பக்கத்து வீட்டு ஏசியிலிருந்து சொட்டும் சத்தம், பால்கனி வலைக்கு வெளியே நனைந்த புறாக்களின் முனகல், இவற்றுக்கெல்லாம் நடுவில் உள்ளறையில் மனைவி ஷ்யாமளா புரண்டு படுக்கும் கட்டில் சத்தம். எல்லாம் எப்போதும் கேட்கிற சத்தம்தான்.

அந்த விளையாட்டுக்கு என்னவோ வாயில் நுழையாத பேர், வீட்டில் 'கோட்டை' என்றுதான் சொல்வார்கள். ஆட்களை விட்டு மரம் வெட்ட வேண்டும், கல் எடுக்க வேண்டும், கோட்டை கட்ட வேண்டும், படை சேர்க்க வேண்டும். செஸ் மாதிரி உன் முறை, என் முறை என்பதெல்லாம் கிடையாது. நீ காப்பியை ஆற்றிக் குடிப்பதற்குள் எதிராளி வாசலில் நிற்பான். நம் ஆட்கள் கால் வைக்காத இடமெல்லாம் திரையில் கருப்பாக இருக்கும், நடக்க நடக்க விலகும். அப்பாவும் பிள்ளையும் பதினான்கு வருஷம் ஞாயிறு தவறாமல் ஆடினார்கள்.

அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் முப்பத்து நாலு வருஷம் கருவிகளோடு மாரடித்த மனுஷர் ஜகந்நாதன். எதிலும் பாதுகாப்புதான் முதலில். அவருக்குத் தெரிந்த யுத்த தந்திரம் ஒன்றே ஒன்று. பெரிய சுவராகக் கட்டு, ஆட்களைச் சுவரோரமாக நிறுத்து, நகராதே என்று கட்டளை கொடு. எஸ் எழுத்துப் பொத்தானைத் தட்டினால் ஆள் நின்ற இடத்தில் நிற்பான், வெட்டிப் போட்டாலும் நகரமாட்டான்.

"அப்பா, நீங்க யுத்தம் பண்றேளா, பில்டிங் சொசைட்டி நடத்தறேளா?" என்று அஷ்வத் சிரிப்பான்.

இரண்டாம் பாகம் வரப்போகிறது, வரப்போகிறது என்று கம்பெனிக்காரன் வருஷா வருஷம் ஆசை காட்டினான். அஷ்வத் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தான். இன்று காலை அவன் பேருக்கு ஈமெயில் வந்தது. உங்கள் காத்திருப்பு முடிந்தது என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டு ஜகந்நாதன் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். பிள்ளை ஆசைப்பட்டது, ஒரு தடவையாவது ஆடிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தார்.

போன ஜூலையில் ஒரு புதன்கிழமை, ஐரோலி ஆபீசிலிருந்து வந்துகொண்டிருந்தவன் குன்றுக்குக் கீழே இருக்கும் ரோட்டிலிருந்து போன் செய்தான். முழங்கால் தண்ணீர். "டிரைவர் ஆகே நஹி ஜாயேகான்னுட்டான்பா, இதுக்கு மேல வண்டி போகாதாம். நடந்தே வந்துடட்டுமா?"

"வேண்டாம், மேன்ஹோல் திறந்திருக்கும். அங்க பெரிய கல்லுச் சுவர் ஒண்ணு இருக்கே, அந்தச் சுவரோரமா நில்லு. நகராதே. நான் வரேன்."

அவன் சிரித்தான். விளையாட்டில் சொல்வதைப் போலவே சொன்னான். "சரிப்பா, நகரமாட்டேன்."

ஜகந்நாதன் குடையோடு போய்ச் சேர்ந்தபோது சுவர் அங்கே இல்லை. நடந்து போனவர்கள் எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

சரிந்து விழுந்த செம்மண்ணை விலக்கி அவனை எடுக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. வாட்சை வைத்துத்தான் அடையாளம் சொன்னார். முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஷ்யாமளாவைப் பார்க்கவே விடவில்லை. துணி சுற்றித்தான் கொடுத்தார்கள். "தூங்கற மாதிரி இருந்தான்" என்று அவளிடம் சொல்லிவைத்தார். போனில் தான் சொன்ன வார்த்தையை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது திரையைக் கூர்ந்து பார்த்தார். கோட்டை இல்லை, படை இல்லை. ஒரே ஒரு சிப்பாய், உயரமான ஒரு கல்சுவரின் ஓரமாக, சுவரைப் பார்த்தபடி நின்றான். அங்கேயும் மழை. சுற்றிலும் கருப்பு.

வேறோர் இடத்தில் தட்டிப் பார்த்தார். சிப்பாய் அசையவில்லை.

"நகரட்டுமாப்பா?"

அவர் அவசரமாக ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைத்தார்.

"ரொம்ப நேரமா நிக்கறேன்பா."

"யார்ன்னா அது?"

வாசற்படியில் ஷ்யாமளா நின்றுகொண்டிருந்தாள். தலை கலைந்திருந்தது. போன வருஷத்திலிருந்து கோட்டையைத் திறக்கவே கூடாது என்று சொல்லியிருந்தவள். அந்தக் குரலைக் கேட்டால் செத்துப் போய்விடுவேன் என்றவள். இப்போது அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லை ஷ்யாமு. கம்ப்யூட்டர். கம்பெனிக்காரன் பழைய ரெகார்டிங் எதையோ எடுத்துப் போட்டிருக்கான்."

"என் பிள்ளை குரல் நேக்குத் தெரியாதா? நனைஞ்சுண்டு நிக்கறான். ஆத்துக்கு வரச்சொல்லுங்கோ."

"ஷ்யாமு..."

"நீங்க சொன்னாத்தானே அவன் வருவான்? எப்பவும் அப்படித்தானே?"

அவர் மவுஸைப் பிடித்தார். சிப்பாயைத் தொட்டு, நகரச் சொல்லும் பொத்தானைத் தட்டி, கருப்புக்குள் எங்கேயோ மவுஸை வைத்து அழுத்தினார்.

"இதோ வந்துண்டே இருக்கேன்."

சிப்பாய் நடந்தான். கருப்பு விலகிக்கொண்டே வந்தது. வழியில் காடு வரவில்லை, ஆறு வரவில்லை. ஒரு ரோடு வந்தது. சாய்ந்த பஸ் நிறுத்தம். மூடிய மருந்துக் கடை. திருப்பத்தில் பிள்ளையார் கோயிலின் சின்னக் கோபுரம். ஜகந்நாதன் அதே வழியில் போன வருஷம் குடையோடு ஓடியிருக்கிறார்.

சிப்பாய் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். வலது கால்.

வலது கால் எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"வரான்" என்றாள் ஷ்யாமளா. சின்னப் பெண்ணைப் போலச் சிரித்தாள். "துண்டு எடுத்துண்டு வரேன்."

திரையில் அவர்கள் கட்டடத்தின் கேட். கீழே கேட் கிறீச்சிட்டது. யாராவது பால்காரனாக இருக்கும். ஞாயிறு மூன்று மணிக்கு ஏது பால்காரன்?

வாசனை வந்தது. நனைந்த சிமெண்ட். செம்மண். அன்றைக்கு அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு, மூன்று தரம் தோய்த்தும் போகாத வாசனை.

லிஃப்ட் ஏறியது. முதல் மாடி. இரண்டாம் மாடி. கிரில் கதவு திறந்தது. மூடவில்லை.

வராண்டாவில் ஒரு காலடி. ஓர் இழுப்பு. ஒரு காலடி. ஓர் இழுப்பு.

வேண்டாம். அந்த முகத்தை அவள் பார்க்கக் கூடாது. வேண்டாம்.

பதினான்கு வருஷப் பழக்கம். அவர் யோசிக்கவே இல்லை. விரல் தானாகப் போய் எஸ் எழுத்தைத் தட்டியது.

"சரிப்பா. நகரமாட்டேன்."

ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அறைக்குள். சுவரோரமாக.

தண்ணீர் சொட்டியது. மொசைக் தரையில். நிதானமாக.

ஷ்யாமளாவின் காலடி அறைக்குள் வந்தது. அவரைத் தாண்டி, சுவர்ப் பக்கம் போய் நின்றது. துண்டு உரசும் சத்தம்.

"எவ்வளவு நனைஞ்சிருக்கே பாரு. குனிடா, எட்டலை. ஏன் சுவத்தைப் பாத்துண்டு நிக்கறே? திரும்பு கண்ணா. அம்மாவைப் பாரு."

"அப்பா சொல்லணும்மா."

ஜகந்நாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டார். "ஷ்யாமு, நான்தான் அன்னிக்கு அவனை அங்க நிக்கச்சொன்னேன். நான்தான். என்னை மன்னிச்சுடு. அவனை விட்டுட்டு இங்க வா."

"தெரியும்னா."

"எப்படித் தெரியும்?"

"இப்போதான் சொன்னான்."

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. அருகே வந்து அவர் தோளில் கை வைத்தாள். கை சில்லென்று இருந்தது. கண்ணைத் திறந்தபோது, சட்டைத் தோளில் ஐந்து விரலும் செம்மண்ணாகப் பதிந்திருந்தன. அவள் இன்னொரு கையில் தொங்கிய வெள்ளைத் துண்டில் இருந்தது செம்மண் மட்டும் இல்லை.

"திரும்பச் சொல்லுங்கோன்னா. நான் அவன் முகத்தைப் பாக்கவே இல்லையே. நீங்கதான் பாத்தேள். தூங்கற மாதிரி இருந்தான்னேளே."

திரையில் கருப்பு முழுக்க விலகியிருந்தது. ஒரு சின்ன அறை. ஒரு மேஜை. மேஜை முன்னால் ஓர் ஆள். அவன் தோளில் கை வைத்தபடி ஒரு பெண். பின்னால், சுவரோரமாக, சுவரைப் பார்த்தபடி ஒரு சிப்பாய், கட்டளைக்காகக் காத்து நின்றான்.

"சொல்லுங்கோப்பா" என்றது பின்னாலிருந்து.

தோளில் இருந்த கை மெல்ல இறங்கி, மவுஸின் மேல் இருந்த அவர் விரலின் மேல் வந்து உட்கார்ந்தது.