காரம் குறைவாக ஒரு கொலை

போன் அலறியது.

அவள் ஒரு செருப்புக் கடையின் கவுண்டருக்கு அடியில் குப்புறப் படுத்து, ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்வியபடி, எலி கடித்த வயருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா ரீஸ்டார்ட், உடனே ஹோட்டலுக்கு வா."

கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் பில் மெஷின், கேமரா, ஆர்டர் ஸ்க்ரீன் மாட்டிக் கொடுக்கும் கம்பெனியில் அவள் டெக்னீஷியன். எந்தக் கோளாறுக்கும், 'ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணுங்க' என்பாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

"என்ன சார், கிச்சன் பிரிண்டர் மக்கர் பண்ணுதா?"

"அது நல்லாத்தான் பிரிண்ட் பண்ணுது. அதான் பிரச்சினையே. ஒரு ஆர்டர் வந்திருக்கு..."

"என்ன ஆர்டர்?"

மறுமுனையில் ஹோட்டல் முதலாளி எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

"கொலை."

காலை பத்தரைக்கு அவள் ஹோட்டல் கிச்சனில் நின்றாள். கையில் அந்தத் துண்டுச் சீட்டு.

மேஜை 13.
மாஸ்டர் கொலை – 1.
காரம் குறைவாக.
நாளை பகல் 1 மணி.

அந்த ஹோட்டலில் மொத்தமே பன்னிரண்டு மேஜைதான்.

கொலை செய்யப்பட வேண்டியவர் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். நாற்பது கிலோ மூட்டையை ஒரே மூச்சில் தூக்கும் சமையல் மாஸ்டர். இப்போது துண்டால் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு நான் வர மாட்டேன் முதலாளி. உசுரு இருந்தாத்தானே உப்புப் போட முடியும்?"

"யோவ், நாளைக்கு எண்பது பேருக்கு விருந்துய்யா. நீ வரலைன்னா அவங்க என்னைக் கொன்னுடுவாங்க."

கல்லாவில் இருந்த முதலாளியம்மா கிச்சனுக்குள் தலையை நீட்டினாள். "என்னங்க, கொல்றவன் காரம் குறைவா கொல்றேங்கிறானே, அவ்வளவு நாசூக்கான ஆளு யாருங்க?"

"நீ சும்மா இரு." முதலாளி டெக்னீஷியன் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இந்த மெஷினோட பாஸ்வேர்டு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். இன்னொண்ணு நீ. நான் போடல."

"நானும் போடல சார்."

"அதை நிரூபி. ஒரு மணி நேரம் டைம். இல்லைன்னா உன் மேனேஜருக்கு ஒரு போன்... அடுத்த போன் போலீசுக்கு."

அவள் கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மாத ட்ரையல் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. 'ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தாலும் பையை வச்சிட்டுக் கிளம்பு' என்று மேனேஜர் முதல் நாளே சொல்லியிருந்தான். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். அவளுடைய ஐ.டி. கார்டை ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா தன் கழுத்தில் மாட்டிக் கண்ணாடி பார்ப்பார்.

அந்தக் கார்டு இப்போது ஒரு துண்டுச் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஸ்க்ரீனைத் தட்டினாள். விரல்கள் பறந்தன.

ஆர்டர் போன் வழியாக வந்திருந்தது. மேஜையில் ஒட்டிய ஸ்டிக்கரை போன் கேமராவில் காட்டினால் மெனு திறக்கும். பதிமூன்றாவது ஸ்டிக்கர்? மிச்சம் விழுந்ததை அவளேதான் கல்லா டிராயரில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

சரி... 'மாஸ்டர் கொலை' எப்படி மெனுவில் ஏறியது?

'இன்றைய ஸ்பெஷல்' பட்டியலில், காலை 9.58-க்கு. முதலாளியின் லாகினில்.

அவள் புருவம் உயர்ந்தது. அந்தப் பட்டியலை டைப் அடிக்கும் ஸ்க்ரீன் இருப்பது கிச்சனில். எந்நேரமும் முதலாளி லாகினிலேயே திறந்து கிடக்கும்.

கடைசியாகக் 'காரம் குறைவாக'. அதை யாரும் டைப் அடிக்கவே இல்லை. ஒரு தடவை பதிந்து வைத்தால், அந்த போனிலிருந்து வரும் எல்லா ஆர்டரிலும் அது தானாக ஒட்டிக்கொள்ளும். கொலையாளி அதை மறந்துவிட்டான்.

போன் யாருடையது என்று ஸ்க்ரீன் காட்டாது. ஆனால் கிச்சனில் 'தயார்' பட்டனைத் தட்டினால், ஆர்டர் போட்ட போனில் மணி அடிக்கும்.

அவள் பட்டனைத் தட்டினாள்.

கொலை தயார்.

'டிங்...'

சத்தம் மாஸ்டரின் ஏப்ரனுக்குள்ளிருந்து வந்தது.

மாஸ்டரின் விசிறல் நின்றது. கண்கள் அவளைக் கெஞ்சின.

"யார் போன் அது?" என்றார் முதலாளி.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வேலை தப்பித்துவிடும்.

"என்னுதுதான் சார். மேனேஜர் மெசேஜ்." அவள் குரல் ஆடவில்லை. "சார், கல்லா மெஷினை ஆஃப் பண்ணி, சத்தமா நூறு எண்ணி, ஆன் பண்ணுங்க. நடுவுல விட்டுட்டா மறுபடியும் ஒண்ணுலேர்ந்து."

முதலாளி ஓடினார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அவள் மாஸ்டரின் முன் குனிந்தாள். "என்ன மாஸ்டர் இது? உங்களை நீங்களே ஆர்டர் பண்ணி வச்சிருக்கீங்க?"

"காட்டிக் குடுத்துடாதே பாப்பா. அந்தக் காரம் எப்படி உள்ளே வந்துச்சுன்னே புரியல."

"நான்தானே போன மாசம் உங்க போன்ல போட்டுக் குடுத்தேன். வயித்துப் புண்ணு, என் சமையலை நானே சாப்பிட முடியலைன்னு சொன்னீங்க."

"அட, ஆமால்ல..."

"பத்தொம்பது... இருபது..." என்றது வெளியே குரல்.

"என் வேலை போயிருக்கும் மாஸ்டர். தெரியுமா உங்களுக்கு?"

"உன்னை இழுப்பாருன்னு நினைக்கல தாயி. மெஷின் கோளாறுன்னு விட்டுடுவாருன்னு நினைச்சேன்." மாஸ்டர் துண்டை முறுக்கினார். "நாளைக்கு என் பொண்ணு பட்டம் வாங்குது. பகல் ஒரு மணிக்கு. ஒரு மாசமா லீவு கேக்குறேன்."

"என்ன சொன்னாரு?"

"பட்டம் வாங்குறது அவ, நீ போய் கைதட்டவா போறேன்னாரு. ஒன்றரை வருசமா ஒரு நாள் லீவு எடுத்ததில்ல பாப்பா. செத்தாத்தான் லீவுன்னு பேச்சு வாக்குல அவரே சொன்னாரு. சரி, சாவுக்கே ஆர்டர் போட்டுடலாம்னு..."

அவளுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"எங்கப்பாவுக்கும் லீவு குடுக்கல மாஸ்டர். மூட்டை இறக்கிட்டு இருந்தாரு. என் பேரைக் கூப்பிட்டப்ப கைதட்ட ஒரு ஆள் கிடையாது."

"முப்பத்தேழு..."

"என்னங்க, அலமாரிச் சாவி எங்க?"

"அடியே, எண்ணிக்கிட்டிருக்கேன்ல... ஒண்ணு... ரெண்டு..."

அவள் எழுந்தாள். "ஏப்ரனைக் கழட்டாம உக்காருங்க. மூஞ்சியைப் பயமாவே வச்சிக்கங்க."

"அது தானாவே அப்படித்தான் இருக்கு பாப்பா."

முதலாளி நூறு முடித்து வியர்வையோடு திரும்பினார். "கண்டுபிடிச்சியா?"

"எந்த லாகின்னு கண்டுபிடிச்சிட்டேன் சார். கொலையை மெனுவுல ஏத்தினது... உங்க லாகின்."

"என்னுதா?"

"பாஸ்வேர்டு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்னு சொன்னீங்கள்ல. பாஸ்வேர்டு என்ன சார்?"

முதலாளி முனகினார். "என் கார் நம்பர்."

"கார் எங்க நிக்குது?"

"வாசல்ல..."

"ரெண்டு பக்கமும் பெரிய எழுத்துல எழுதி, ஊரே படிக்கிற மாதிரி. மாத்துங்கன்னு மூணு தடவை சொன்னேன். அத்தனை தடவையும் ரிப்போர்ட்ல உங்க கையெழுத்து இருக்கு. இப்பப் போலீசுக்கு போன் போடுங்க. முதல் கேள்வியே இந்த லாகின் யாருதுன்னுதான் வரும்."

முதலாளியின் கை, போனைப் பைக்குள் திருப்பிப் போட்டது.

முதலாளியம்மா விடவில்லை. "என்னங்க, நாளைக்கு மாஸ்டருக்கு நிஜமாவே ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆர்டர் உங்க ஹோட்டல்ல, பகல் ஒரு மணிக்கு," என்றாள் அவள். "அந்த நேரத்துல மாஸ்டர் இங்க இல்லைன்னா ஆர்டர் தானா கேன்சல்."

முதலாளி வெங்காய மூட்டைப் பக்கம் திரும்பினார்.

"யோவ் மாஸ்டர்... நாளைக்கு லீவு எடுத்துக்கய்யா."

மாஸ்டர் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். பயத்தில் அழுகிறார் என்று முதலாளி நினைத்துக்கொண்டார்.

"அப்ப விருந்தை யாருங்க சமைப்பா?" என்றாள் மனைவி.

"நான் சமைக்கிறேன். பெரிய வித்தையா அது?"

அவள் பாஸ்வேர்டை மாற்றினாள். ரிப்போர்ட்டில் 'பழுது சரி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள். கம்ப்ளெயிண்ட் இல்லை. ஐ.டி. கார்டு கழுத்திலேயே இருந்தது.

மறுநாள் பகல் ஒரு மணி. ஓர் அரங்கத்தின் கடைசி வரிசையில், நாற்பது கிலோ மூட்டை தூக்கும் இரண்டு கைகள் தட்டிய தட்டில் மேடை மைக்கே ஒரு நொடி கீச்சிட்டது.

அதே ஒரு மணிக்கு அவள் போன் அலறியது. முதலாளியம்மா.

"ரீஸ்டார்ட், சாப்பிட்டவங்களை ரீஸ்டார்ட் பண்ண ஏதாச்சும் பட்டன் இருக்கா?"

ஆர்டர் என்னவோ ஒரே ஒரு மேஜைக்குத்தான். முதலாளி பன்னிரண்டு மேஜைக்கும் பரிமாறியிருந்தார்... அதுவும் காரத்தைக் குறைக்காமல்.