தலைக்கு எவ்வளவு மைலேஜ்?

வர்ஷாவால் காரில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. சீட் பெல்ட்டை இழுத்தாள், விட்டாள். கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள்.

"ஏன் கண்ணு இப்படி நெளியற? எறும்பு கிறும்பு கடிச்சிருச்சா?" என்றார் அப்பா பாபு.

"இல்லீங்கப்பா."

எறும்பாக இருந்தால் தட்டிவிட்டிருப்பாள். அவளைக் கடித்துக்கொண்டிருந்தது நேற்று கெஸியா சொன்ன சேதி.

கெஸியா அவளுடைய உயிர்த்தோழி. எஸ்டேட்டிலிருந்து மினி பஸ்ஸில் குன்னூர்ப் பள்ளிக்கு வருகிறாள். அடுத்த வாரமும் பஸ் காலியாக ஓடினால் காலை ட்ரிப்பை நிறுத்திவிடப் போவதாக பஸ் முதலாளி சொல்லிவிட்டார். பஸ் நின்றால் கெஸியா கூடலூரில் மாமா வீட்டில் தங்கி அங்கேயே படிக்க வேண்டியதுதான். அதுவும் ஆறாம் வகுப்பின் பாதியில்!

"கூடலூர் ரொம்ப தூரமுங்களாப்பா?"

"தூரம் கெடக்குது. ஞாயித்துக்கெழமை ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாமா? மைலேஜ் வண்டி இருக்கறப்ப நமக்கென்ன கவலை!"

இப்போதெல்லாம் அப்பா எதற்கும் இதைத்தான் சொல்கிறார். அவர்களுடைய பழைய கார் மகா குடிகாரன். கோயமுத்தூரில் கல்யாணம் என்றால்தான் அதை வெளியே எடுப்பார். புதுக் கார் லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அப்பாவின் கால் தரையில் படுவதில்லை. கொத்தமல்லி வாங்கக்கூடக் கார்தான். கெஸியாவோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த வர்ஷாவும் காரில் ஏறிவிட்டாள்.

ஜெகதளாவைத் தாண்டிய வளைவில் மினி பஸ் முன்னால் போனது. அதன் பின்னால் வரிசையாகக் கார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. பஸ் ஜன்னலில் கெஸியா மட்டும் தெரிந்தாள். கையசைத்தாள். வர்ஷாவும் கண்ணாடியை இறக்கிக் கையசைத்தாள்.

வழியில் அப்பா பெட்ரோல் பங்கில் நிறுத்தினார். ஒரு செவலை நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. வர்ஷா பிஸ்கட்டை நீட்டினாள். சட்டென்று ஒன்று தோன்றியது. பழைய கார் இருந்தபோது இதே நாய் அவர்களைக் கண்டால் குரைத்துத் தள்ளும். இப்போது மடியில் ஏறப் பார்க்கிறது!

"ஏனுங்கப்பா, இந்தக் கார் கொஞ்சமாத்தானே குடிக்குது? அப்புறம் எதுக்கு நாம இங்க அடிக்கடி வர்றோம்?"

"அது வந்து கண்ணு..." அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். "ஐயோ, ஃபேக்டரியில ஷிப்டுக்கு நேரமாச்சு!"

பள்ளியில் மதியச் சாப்பாட்டின்போது கெஸியாவோடும், தன்னைப் போலவே புதுக் காரில் வரும் வகுப்புத் தோழர்களோடும் உட்கார்ந்து வர்ஷா கேட்டாள். "பங்க்ல ஒரு செவலை நாய் இருக்குமே, உங்களுக்குத் தெரியுமா?"

"ராஜாதானே? என் கையை நக்குமே!" என்றான் கிருத்திக்.

"ராஜாவா? அது புஷ்பா," என்றாள் மனிஷா.

"டைகர்!" என்றான் பெனிஸ், வாயில் இட்லியோடு.

கெஸியா மட்டும் விழித்தாள். "எந்த நாய்?"

வர்ஷா துள்ளி எழுந்தாள். "பாத்தீங்களா! கம்மியாக் குடிக்கிற கார் வாங்கின நாம எல்லாரும் நாய்க்கு சொந்தக்காரங்க. முன்னவிட நாமதான் ஜாஸ்தியா பெட்ரோல் போடறோம். பஸ்ஸையும் காலி பண்ணிட்டோம்."

பிறகு கூடலூர் விஷயத்தைச் சொன்னாள். மனிஷா டப்பாவை மூடிவிட்டாள். பெனிஸ் மெல்வதை நிறுத்திவிட்டான். பஸ்ஸுக்கே திரும்பலாமா என்று அன்றைக்கே அவரவர் வீட்டில் கேட்பதென்று முடிவானது.

அன்று மாலை வர்ஷா அப்பாவைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"நாம பஸ்லயே போலாமுங்கப்பா."

"மலையில அந்தப் பஸ் லிட்டருக்கு அஞ்சு கிலோமீட்டர்தான் போகும். நம்ம வண்டி இருபது! எது மேல்?"

"எத்தனை தலைங்கப்பா?"

"என்ன தலை?"

"நம்ம கார் ரெண்டு தலையை இருபது கிலோமீட்டர் கொண்டு போகுது. ரெண்டிருபது நாப்பது. பஸ் முப்பது தலையை அஞ்சு கிலோமீட்டர் கொண்டு போகும். நூத்தம்பது! தலைக்கணக்குல பஸ்தானுங்க மைலேஜ் வண்டி."

"ரொம்புனாத்தானே கண்ணு? இப்ப அதுல நாலு தலைதான் இருக்குது."

"மிச்சத் தலையெல்லாம் தனித்தனியாக் கார்ல வருதுங்களே! நீங்க வேற, என்னை விட்டுட்டு ஒத்தத் தலையா ஃபேக்டரிக்குத் திரும்பி வர்றீங்க. பஸ் உங்க ஃபேக்டரி வாசல்லயே நிக்குது!"

அப்பா சிரித்துக்கொண்டே தன் தலையைத் தடவினார். வர்ஷா சிரிக்கவில்லை. "கெஸியா போயிருவாளுங்கப்பா," என்றாள். அழுகை வந்துவிட்டது.

அப்பா அவளையே பார்த்தார். "சரி. திங்கக்கெழமை பாக்கலாம்."

அப்பாக்களின் 'பாக்கலாம்' இருக்கிறதே, அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. கிருத்திக் வீட்டிலும் மனிஷா வீட்டிலும் பெனிஸ் வீட்டிலும் அதே 'பாக்கலாம்'தானாம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வர்ஷாவுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் அப்பா டிபன் பையோடு வாசலில் நின்றார். "வா, பஸ் போயிரும்!"

பனிமூட்டத்துக்குள் மினி பஸ் வந்து நின்றது. உள்ளே கெஸியாவும் இன்னும் மூன்று பேரும். அடுத்த நிறுத்தத்தில் யாருமே இல்லை. வர்ஷா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து எட்டிப் பார்த்தாள்.

அதற்கடுத்த வளைவில் ஒரு குடைக் கூட்டம். கிருத்திக்கும் அவன் அம்மாவும். மனிஷாவும் அவள் அப்பாவும். பெனிஸ் வீட்டில் நான்கு பேர். அவர்களைப் பார்த்துவிட்டு, விஷயம் தெரியாமலேயே ஏறிய பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு!

கதவோரம் தூங்கி வழிந்த கண்டக்டர் வெற்றிச்செல்வன் துள்ளி எழுந்தார். "உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க!" கத்தும் பழக்கம் விட்டுப்போனதால் அவர் குரல் கிறீச்சிட்டது. "தினமும் இப்படி வந்தீங்கன்னா எங்க முதலாளி எதுக்குங்க ட்ரிப்ப நிறுத்தறாரு?"

கூட்டத்துக்கு நடுவிலிருந்து கெஸியா கத்தினாள். "வர்ஷா, மூச்சு முட்டுது! என் கால் எங்க இருக்குன்னே தெரியல!"

அவள் இவ்வளவு சந்தோஷமாகக் குறை சொல்லி வர்ஷா கேட்டதே இல்லை.