நடு ரேக்கில் ஏறிய சூடு

“அண்ணி, ஏதோ சிக்கலாம், நீங்கதான் அவிழ்க்கணும்னு ஆஸ்பத்திரியிலேருந்து வந்திருக்காங்க” என்று கொழுந்தன் சொல்லி முடிப்பதற்குள் கணினிப் பிரிவின் தலைவர் உள்ளே நுழைந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை.

“சர்வர் ரூம்ல கம்ப்யூட்டருங்களை அடுக்கியிருக்கிற நடு ரேக் தினமும் சூடேறி நின்னுபோகுதும்மா. இன்னிக்கு ஆபரேஷன் நடுவுல ஸ்கேன் படமே மறைஞ்சுபோச்சு. டாக்டர் தவிச்சுட்டாரு. எல்லாம் ஏசி மெக்கானிக் வேலை. நானே அந்த ரேக் முன்னால நாற்காலி போட்டுக் காவல் இருக்கேன். அப்படியும் கண்ணுல மண்ணைத் தூவுறான்!”

“உள்ள குளிருமே?”

“முதல் நாள் கால் விறைச்சுப்போச்சு. இப்பப் பரவாயில்ல.”

“நீங்க வீட்டுக்குப் போனப்புறம்?”

“நாற்காலி, மத்ததெல்லாம் ஓரமா வச்சுட்டுக் கிளம்பிடுவேன். அப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல. அவனும் போயிடறான்ல!”

அண்ணி எழுந்து செருப்பை மாட்டினாள்.

ஆஸ்பத்திரியின் சர்வர் அறை வாசலில் மெக்கானிக் நின்றிருந்தார். “முதல் தடவை கரண்ட் போய் ஏசி நின்னது நிஜம்க்கா. அதைச் சரிபண்ணிட்டேன். அப்புறம் சார் என்னை உள்ளயே விடல. பார்க்காம என்னத்தச் சொல்றது?”

ஆள் நடிக்கிறார் என்றே கொழுந்தனுக்குத் தோன்றியது. அதற்குள் தலைவரின் போன் அலறியது. அடுத்த நோயாளியை ஆபரேஷன் மேசையில் படுக்க வைத்துவிட்டார்களாம். அதே நேரம் நடு ரேக்கும் சூடேறிக் கீச்சிடத் தொடங்கியது. கொழுந்தன் ஏசியைப் பார்க்க ஓடினான். அது ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

“அங்க எதுக்கு ஓடுற? நாற்காலியைத் தள்ளு. அதுக்கு அடியில கிடக்கிற விரிப்பை எடு!” என்றாள் அண்ணி.

தடித்த விரிப்பை உருவியதும் குளிர்காற்று அவன் முகத்தில் அறைந்தது. கீழே ஓட்டை ஓட்டையாக ஒரு தரைப்பலகை.

“ஏசிக் காத்து தரைக்கு அடியில வந்து, இந்த ஓட்டை வழியாத்தான் ரேக்குக்குள்ள போகணும்” என்றாள் அண்ணி. “அது அடைபட்டா, ரேக் தன் பின்பக்கமா விட்ட சூட்டையே திரும்ப உள்ள இழுக்கும். ஏசி மாறல, ஆனா கால் குளிரலன்னீங்க. அங்கதான் எனக்குப் பொறி தட்டிச்சு. பகல்ல மட்டும் இங்க இருக்கிறது நீங்களும் உங்க விரிப்பும்தான்.”

கீச்சொலி மெல்ல அடங்கியது. ஸ்கேன் படம் மறையாமல் தெரிகிறது என்று போனில் சொன்னார்கள். தலைவர் அந்த விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்தார். மெக்கானிக்கை வேலையை விட்டு அனுப்பச் சொல்லிக் காலையில்தான் மேலிடத்தில் சண்டை போட்டிருந்தார்.

வாசலுக்குப் போய் மெக்கானிக்கிடம், “உள்ள வாங்க” என்றார்.

மெக்கானிக் அவரைக் கடந்து வந்து ரேக்கின் முன்னால் உள்ளங்கையை வைத்தார். குளிர்ச்சி பட்ட பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.