இரண்டாவது மைக்

எங்கள் டப்பிங் தியேட்டருக்குள் பட்டப்பகலில் நுழைந்தாலும் இருட்டுத்தான். ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் துணி அடித்திருக்கும். பழைய கம்பளத்தின் மக்கிய வாடையும் ஏசியின் ஈர வாடையும் மூக்கிலேயே நிற்கும். கதவைச் சாத்திவிட்டால் நம் மூச்சே நமக்குப் பெரிதாகக் கேட்கும். அங்கே நான் ரெக்கார்டிஸ்ட். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "போய்யா, வேலையப் பாரு" என்று வாயை அடைக்கிற ஆள். அப்படிப்பட்டவனே இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேற்றுமொழித் தொடர் ஒன்று வந்தது. ஒரு மழைநாளில் மாமியாரும் மருமகளும் உடம்பு மாறிக்கொள்கிறார்கள். மாமியாருக்குக் குரல் கொடுத்தது பெரியக்கா. எங்கள் தியேட்டரிலேயே மூத்த கலைஞர். மருமகளுக்கு என் மனைவி. மாறிய பிறகு எந்த முகத்துக்கு யார் குரல் என்று முதல் நாளே சண்டை வந்துவிட்டது. டப்பிங் டைரக்டருக்கு நாங்கள் வைத்த பெயர் ஒன்மோர். எவ்வளவு நன்றாகப் பேசினாலும் "ஒன் மோர்" என்பார்.

"உசிர் மாறிடுச்சுன்னா குரலும் கூடவே போகணும் சார்," என்றாள் என் மனைவி.

"அதெப்படி? தொண்டை உடம்போடதான இருக்கு? குரல் அப்படியே இருக்கணும். பேசுற தோரணை மட்டும் மாறணும். மாமியார் குரல்ல மருமக பேசணும், மருமக குரல்ல மாமியார் பேசணும். முடியுமா, முடியாதா?"

"முடியும்னு சொல்லிடு கண்ணு. இல்லாட்டி நச்சரிச்சே கொன்னுடுவாரு," என்றாள் பெரியக்கா.

அதற்கு ஒரு வழியும் அவளே கண்டுபிடித்தாள். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மைக். மருமகளின் வசனத்தை முதலில் என் மனைவி தன் பாணியில் சொல்வாள். எங்கே மூச்சு விட்டாள், எங்கே இழுத்தாள் என்று ஹெட்போனில் கேட்டு, அப்படியே பிடித்துப் பெரியக்கா தன் குரலில் சொல்வாள். அப்புறம் இதே வேலை தலைகீழாக. வாரக்கணக்கில் இப்படி ஒருத்தி மூச்சை ஒருத்தி வாங்கிப் பேசினார்கள். "உன் பொண்டாட்டிக்கு மூச்சு ரொம்பச் சின்னதுய்யா. ஒழுங்கா சாப்பாடு போடறியா இல்லையா?" என்று பெரியக்கா, என் அறையையும் அவர்கள் அறையையும் பிரிக்கிற கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னை வம்புக்கு இழுப்பாள்.

ஒரு நாள் ஹெட்போனில் ஏதோ தப்பாகப் பட்டது. கண்ணாடிக்கு அப்பால் பெரியக்காவின் வாய் அசைகிறது. கேட்பது என் மனைவியின் குரல்.

தோரணை இல்லை. குரலே.

வயர் மாறியிருக்கும் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் மனைவி பேசினாள். அவள் மைக்கில் பெரியக்காவின் குரல் கேட்டது. ஒன்மோர் துள்ளிக் குதித்தார். "இதத்தான்யா நான் கேட்டேன்! டேக் ஓகே!" வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் ஒன் மோர் கேட்கவில்லை.

பாக்கியிருந்தது இருவரும் திரும்ப மாறுகிற காட்சி மட்டும்தான். கடைசி எபிசோடின் படம் இன்னும் வந்து சேரவில்லை. பெரியக்கா களைத்துப்போய் வெளியே வந்தாள். வாய் திறக்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள். என் மனைவியும் தொண்டை வலிக்கிறது என்று ஜாடை காட்டிவிட்டு அன்றிரவு சீக்கிரமே படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை என்னை எழுப்பினார்கள்.

"எழுந்திரிங்க. மணியாச்சு."

பெரியக்காவின் குரல். காதுக்குப் பக்கத்தில்.

விழித்தேன். என் மனைவிதான் நின்றுகொண்டிருந்தாள், தன் வாயைத் தானே இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. பெரியக்கா முந்தின நாள் சாயங்காலமே வீட்டில் மாரடைப்பில் போய்விட்டாளாம்.

டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அதற்கப்புறம் என் மனைவி கிசுகிசுக்க மட்டும்தான் செய்தாள். கிசுகிசுப்பில் குரல் கிடையாதே, அதில் அவள் அவளாகவே இருந்தாள். மறந்துபோய் எப்போதாவது சத்தமாகக் கூப்பிட்டுவிட்டால் நான் திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்ப்பேன்.

"நான்தாங்க. உங்களுக்கே என்னப் பாத்தா பயமா இருக்குல்ல?"

"சேச்சே," என்றேன். பயமாகத்தான் இருந்தது. என்னைத் திட்டுகிற குரல், குளிக்கும்போது கன்னாபின்னாவென்று பாடுகிற குரல், அது எனக்குத் திரும்ப வேண்டும் என்று அழுகையாக வந்தது.

துக்கம் கேட்கப் போனோம். பெரியக்காவின் கணவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குக் கண்டக்டர் மாமா. பிள்ளைகள் இல்லாத வீடு. டிவிக்கு எதிரே நாற்காலியில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

"அன்னைக்கு சாயங்காலம் சமையல்கட்டுலேர்ந்து யாரோ சின்னப்பொண்ணு குரல் மாப்ளே. 'என்னங்க, கொஞ்சம் வாங்களேன்'னு. டிவில ஏதோ ஓடிட்டிருந்துது. அதுல வர்ற பொண்ணுன்னு நெனச்சேன். மறுபடியும் கூப்ட்டா."

கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

"நான் சத்தத்தக் கூட்டி வச்சேன்."

என் மனைவியின் கை என் கையைத் தேடிப் பிடித்தது. அந்தச் சின்னப்பொண்ணின் குரல் யாருடையது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் என் மனைவி கிசுகிசுத்தாள். "என்னோடது அவங்களோடயே போயிடுச்சுங்க. திரும்ப மாறுற சீன் இன்னும் எடுக்கலல்ல? அத எடுத்தா வந்துடும். வந்துடும்ல?"

கடைசி எபிசோடு வந்தது. பெரியக்காவுக்குப் பதில் வேறு ஆளைப் போடலாம் என்ற ஒன்மோரிடம், "இன்னைக்கு ஒரு நாள் நான் சொல்றத கேளுங்க சார்" என்று கத்திவிட்டேன். மிரண்டுபோய் டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். கண்டக்டர் மாமாவும் வந்திருந்தார். பெரியக்கா நின்று பேசின இடத்தை ஒரு தடவை பார்க்கணும் என்றார். என் பின்னால் உட்கார வைத்தேன்.

இரண்டு மைக்கையும் திறந்தேன். ஒன்றின் முன்னால் என் மனைவி. இன்னொன்றின் முன்னால் யாருமில்லை.

படம் ஓடியது. மாமியாரின் வசனம் முதலில். பெரியக்காவின் குரலில் என் மனைவி சொன்னாள்: "போதும்மா. உன்னோடத நீ எடுத்துக்கோ. என்னோடத எனக்குக் குடுத்துரு."

அடுத்தது மருமகள் பேசணும்.

திரையில் அவள் உதடு அசைந்து முடிந்தது.

ஒன்றுமில்லை.

அப்புறம் என் மேஜையில், அந்த வெற்று மைக்கின் சத்தத்தை அளந்து காட்டுகிற பச்சை விளக்குகள் மெதுவாக ஏறின. மூச்சு. சின்ன மூச்சு. எனக்கு நன்றாகத் தெரிந்த மூச்சு.

"என்னங்க..."

ஸ்பீக்கரில் என் மனைவியின் குரல். கண்ணாடிக்கு அப்பால் அவள் உதடு அசையவில்லை.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன்."

நான் எழுந்தேன். எனக்கு முன்னால் மாமா எழுந்துவிட்டார். கால் தடுமாற உள்ளே ஓடி அந்த மைக்கின் முன்னால் நின்றார். "வந்துட்டேன்டி. இதோ வந்துட்டேன்," என்றார்.

பச்சை விளக்குகள் அணைந்தன.

அவர் வெளியே வந்தார். யாரையும் பார்க்கவில்லை. வாசல் கதவைத் திறந்து, ஒரு ஆள் முன்னால் போகிற அளவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தானும் போனார்.

கண்ணாடியை அறைந்தாள் என் மனைவி. "விடாதீங்க! போகுதுங்க!" கத்தினாள். பெரியக்காவின் குரலில்.

நான் தெருவுக்கு ஓடியபோது அவரைக் காணோம். வீட்டுக்குப் போனால் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம். சாயங்காலம் போன் போட்டேன். பல தடவை அடித்து, கடைசியில் எடுத்தார். என் மனைவிக்கும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அலோ, யாரு?" குரலில் அப்படி ஒரு தெம்பு.

"மாமா, நான்தான்..."

அவருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து ஒரு கேள்வி வந்தது.

"யாருங்க போன்ல?"

என்னோடு இத்தனை வருஷம் சண்டை போட்ட குரல். என் எதிரே, வாயை இறுக மூடிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய என் மனைவி நின்றிருந்தாள்.

"மாமா, அது இவளோடது மாமா. உங்க கால்ல விழறேன். குடுத்துருங்க."

அங்கே டிவியை அணைக்கிற சத்தம் கேட்டது.

"ராங் நம்பர்மா," என்றார். என்னிடம் இல்லை. "நீ சொல்லு. நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."